தாடி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாமே ஓசியாகக் கிடைத்தது. கூடாரம் ஓசி, பாய் ஓசி, வாளி ஓசி. கல்முனை வெயிலில் போட்டுக்கொண்டு திரிய யாரோ ஒரு புண்ணியவதி கம்பளிக் கோட் ஒன்றுகூட அனுப்பியிருந்தாள். அதன் பைக்குள் ஏதோ ஒரு குளிர்நாட்டு பஸ் டிக்கட் கிடந்தது. ஓசிச் சாமானோடு கரைச்சலும் கூடவே வரும். வரிசையில் நிற்க வேண்டும், கையொப்பம் வைக்க வேண்டும், வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்க வேண்டும். நானும் பல வாளிகளுக்குச் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் எரிச்சலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். படம் பிடிக்க வந்தவருக்கு அந்த முகம்தான் மிகவும் பிடித்துப்போனது.

அதனால் கட்டாரிலிருந்து மச்சான் போன் எடுத்து, “மச்சி, ஒரு கேம் இரிக்கி. சல்லி ஒண்டும் குடுக்கத் தேவல்ல, சும்மா விளையாடலாம்” என்று சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “படம் புடிக்க யாரு வருவாங்க?” என்பதுதான்.

மச்சான் என்றால் சும்மா மச்சான் இல்லை. உம்மாவின் காக்காவுடைய, அதாவது அண்ணனுடைய மகன். எனக்கென்று பேசிவைத்த மாப்பிள்ளை. மாமாவே வீட்டுக்கு வந்து, உம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “உன்ட மகள் என்ட மகனுக்குத்தான்” என்று வாய் திறந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் வருவது பெயர் வைக்கிற யோசனை இல்லை, வீடு கட்டுகிற யோசனை. எனக்கான வீட்டை வாப்பா கடற்கரைப் பக்கம் கட்டத் தொடங்கினார். அவர் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு என் காக்கா கட்டி முடித்தார். கதவுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை மட்டும் பாக்கி. அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. மாமாவையும் கொண்டுபோனது. வீட்டின் தரையும், குளியலறைச் சுவர் ஒன்றும், மாமா சொன்ன வாக்கும் மிஞ்சின.

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. உள்ளே வயலை மேடாக்கி வீட்டுத்திட்டம் ஒன்று தொடங்கினார்கள். எங்களுக்கும் ஒரு வீடு உண்டு என்றார்கள். சுவர் எழும்பியது. கூரை போட முன்னம் யாருக்கு எத்தனை வீடு என்று இழுபறி வந்து, இழுபறி வழக்காகி, கட்டித்தர வந்த வெள்ளைக்காரர்கள் வாகனங்களில் ஏறிப் போய்விட்டார்கள். கூரை இல்லாத வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. மழைக்காலத்தில் யாருடையவோ எருமைகள் அங்கே படுத்துக் கிடந்தன. நாங்கள் தகரக் கொட்டிலில் கிடந்தோம்.

மாமி, அதாவது மச்சானின் உம்மா, ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார். “வீடு முடியட்டும், கலியாணத்த வெப்பம்.” மச்சான் கட்டாருக்குப் போய் ஒரு கட்டிடக் கம்பனியில் சேர்ந்தார். எனக்கு வீடு பெரிய விஷயமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்தான் வேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு முடியாமல் போனால் அவரை வீடு உள்ள வேறு பெண்ணுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குள் எந்த நேரமும் இருந்தது. பயத்தைச் சொல்லவும் வழி இல்லை. அவர் போன் எடுத்தால் ஒரு பக்கம் உம்மா நிற்பார், மற்றப் பக்கம் காக்கா நிற்பார். “சுகமா?” “சுகம்.” “மழையா?” “மழை.” முடிந்தது கதை.

காக்காவுக்குப் பிரதான வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. போன், ஃபோட்டோக் கொப்பி, சுவரோரம் நாலு கம்ப்யூட்டர். பகலில் கடையைப் பார்ப்பது நான். நெட் வந்த புதிதில் பொடியன்களும் பெட்டைகளும் ஆளையாள் தெரியாமல் பேசி, சட் பண்ணிக் கெட்டுப் போகிறார்கள் என்று பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பேசப்பட்டதாம். காக்கா அன்று பின்னேரமே “சட் பண்ணத் தடை” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார். சட் பண்ணுகிற சாமான் எதையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் விட்டுவைக்கவில்லை. கேமுக்கு மட்டும் தடையில்லை. “கேம் சின்னப் புள்ளையளுக்குரிய சாமான். அதுல என்ன கெட்டுப் போகக் கிடக்கு?” என்பது அவருடைய தீர்ப்பு. போனில் சொன்ன அந்த விளையாட்டுக்குள் ஆட்கள் பேசிக்கொள்ளலாம் என்பது காக்காவுக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரிந்திருந்தது.

மச்சானுக்கு இரவு டியூட்டி. காலையில் கேம்புக்கு, அதாவது கம்பனி விடுதிக்கு வந்து படுக்கமுன் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரம் இங்கே ளுஹர், மதியத் தொழுகை. காக்கா ளுஹருக்குப் பள்ளிக்குப் போய், அப்படியே பெண்சாதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வருவார். கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவேன். குமர்ப்பிள்ளை தனியாக இருக்கக்கூடாது என்று உம்மா காவலுக்கு வந்து, வாசலோரக் கதிரையில் உட்கார்ந்து, வீட்டு வேலை எதையாவது மடியில் வைத்துச் செய்துகொண்டிருப்பார்.

விளையாட்டுக்குள் போகமுன் நமக்கென்று ஒரு ஆளைத் தெரிவுசெய்ய வேண்டும். நான் நல்ல பிள்ளையாகப் பெண்களைத் திறந்து பார்த்தேன். அல்லாஹ்வே! கிணற்றடியில் குளிக்கும்போது நாங்கள் கட்டியிருப்பது அதைவிடக் கூட. இரும்புச் சட்டை என்று பெயர். இரும்பு தோளில் இருந்தது, முழங்காலில் இருந்தது, தேவையான இடம் எதிலும் இல்லை. அந்தக் கோலத்தில் வாளோடு சண்டைக்குப் போகிறவளுக்குக் காயம் எங்கே படும் என்று அதைச் செய்தவன் ஒரு நிமிஷம் யோசித்திருப்பானா? அடுத்தவளுக்கு இலை. அதற்கடுத்தவளுக்கு இலையும் தட்டுப்பாடு. உம்மா நிமிர்ந்து பார்க்கமுன் படபடவென்று பொத்தானை அமத்தி எல்லாரையும் தாண்டிப் போனேன்.

கடைசியில் ஒரு கிழவன் வந்தார். கழுத்திலிருந்து கால்வரை நீல அங்கி. தலையை மூடிய நீளத் தொப்பி. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. மாஷா அல்லாஹ், அந்த நாட்டிலேயே ஒழுங்காக உடுத்தியிருந்தது அவர் ஒருவர்தான். ஆனால் தொழில் மந்திரவாதமாம், சொல்லப்போனால் சூனியம். உடுப்பில்லாமல் நிற்பதா, சூனியம் செய்வதா என்று எனக்குப் பெரிய குழப்பம். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். உடுப்பு அவருடையதாக இருக்கட்டும், மந்திரத்தை நாம் தொடாமல் விட்டால் சரி. இப்படித்தான் நான் மந்திரம் செய்யாத மந்திரவாதி ஆனேன். கையில் ஒரு பொல்லு இருந்தது. எதிரில் என்ன வந்தாலும் பொல்லால் அடிப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பட்டணத்தின் நடுவில் தண்ணீர் பீச்சுகிற தொட்டி ஒன்றின் அருகில் காத்திருப்பதாக மச்சான் சொல்லியிருந்தார். வழியில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு போனேன். அங்கே தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட வேண்டும். சலாம் எந்த எழுத்தில் தட்டினாலும் சலாம்தானே. ஒரு கடைக்காரருக்கு மறுபடி மறுபடி சலாம் சொன்னேன். “வாரும் பயணியே, என்ன வாங்கப் போகிறீர்?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆளில்லை, பொம்மை என்று பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய கடையில் கடைசிவரை ஒன்றும் வாங்கவில்லை.

மச்சான் பொன்னிறத் தலைமுடியோடு, மின்னுகிற கவசம் போட்டுக்கொண்டு, இடுப்பில் வாளோடு நின்றார். நிஜத்தில் தலைமுடி முன்பக்கம் கொட்டத் தொடங்கியிருந்தது, அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் இன்னும் கிட்டப் போனேன். இன்னும் தள்ளிப் போனார்.

“மச்சான், நான்தான்” என்று தட்டினேன்.

பதிலுக்கு ஒரே ஒரு சொல் வந்தது. “தாடி?”

“உடுப்போட நிண்ட ஆள் இவரு மட்டும்தான்.”

அவருடைய அறையில் படுத்துக் கிடந்த ஆட்கள் இதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தார்களாம். “மச்சான்ட பொண்ணு மௌலவியா?” என்று ஒருத்தன் கேட்டானாம். அன்றிலிருந்து அந்தக் கேம்பில் எனக்கு மௌலவி என்றே பெயர்.

விளையாட்டைப் பற்றி இப்போது யாராவது கேட்டால் ஒன்று சொல்வேன். அதைச் செய்தவர்கள் எங்கள் ஊர் ஆட்களை நினைத்துச் செய்யவில்லை. முதல் வேலையாகக் கொடுத்ததே காட்டுக்குப் போய்ப் பன்றி அடித்து இறைச்சி கொண்டுவா என்பது. புதிதாக வந்த ஆட்களெல்லாம் பன்றியைக் கலைத்துக்கொண்டு ஓடினார்கள். நான் வேலி ஓரத்தில் பொல்லோடு நின்றேன்.

“அடிச்சிப் போட்டு வா மச்சி, அடுத்த கட்டத்துக்குப் போவம்.”

“அடிக்கலாம். ஆனா இறைச்சியப் பைக்குள்ள போட ஏலா.”

“கேம்தானே, புள்ள!”

“கேமெண்டா பண்டி ஆடாகிடுமா?”

நான் பன்றியை விட்டுவிட்டு ஒரு கிழவிக்கு மூலிகை பறித்துக் கொடுக்கிற வேலையை எடுத்தேன். ஒரு நாள் முழுக்கப் பறித்தால் நகம் அளவு முன்னேற்றம். மற்றவர்கள் பறக்கிற பாம்பைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலும் நான் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அழகான எதைத் தொட்டாலும், குதிரை, குடை, செருப்பு எதுவானாலும், அது மட்டும் ஓசியில்லை, நிஜப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பெட்டி எழும்பிவரும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு விலை சொல்கிற இந்த வியாபாரம் எங்கள் சந்தையில் நடந்திருந்தால் செருப்படிதான்.

பட்டணத்துக்கு வெளியே போக ஒரு கோட்டை வாசல் இருந்தது. இரண்டு பக்கமும் ஈட்டியோடு காவல்காரர்கள். மச்சான் சரசரவென்று தாண்டிப் போய்விட்டார். நான் வாசலில் நின்றுவிட்டேன். நின்றது எனக்கே தெரியாது.

“என்ன நிக்காய்? வா.”

“செக் பண்ணல்லயே இன்னும்.”

“யாரு செக் பண்ண?”

“இவங்கதான். ஐடி காட்டத் தேவல்லையா?”

எங்களுக்குக் கல்முனையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறங்கி நடந்து, அட்டையைக் காட்டி, முகத்தைக் காட்டிப் போய்ப் பழகிவிட்டது. ஈட்டி என்ன, துப்பாக்கி என்ன, வாசலில் ஒருத்தன் நின்றால் கால் தானாக நின்றுவிடும். அவர்கள் சும்மா அழகுக்கு நிற்கிறார்கள் என்று மச்சான் விளக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டித் திரும்பி வந்து, என் பக்கத்தில் நின்று, “இப்ப வா, ரெண்டு பேருமாப் போவம்” என்றார். அந்தப் பொன்னிறத் தலை மடையனை நான் அன்றைக்கு விரும்பியதைப் போல எப்போதும் விரும்பியதில்லை.

கடற்கரைக்கு மட்டும் நான் போகமாட்டேன் என்றுவிட்டேன். அங்கே கடல் மிகவும் அழகு என்று கூப்பிட்டுப் பார்த்தார். “இந்தக் கடல் எழும்பாது மச்சி, செய்து வெச்சது அப்பிடித்தான்” என்றார். நிஜக் கடலும் எழும்பாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பிறகு கேட்கவில்லை. கடல் கொண்டுபோனது அவருடைய வாப்பாவை அல்லவா.

உம்மா எல்லாவற்றையும் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

“என்னகா அது? இந்தக் கிழவன் யாரு?”

“கேம் உம்மா. அது நான்தான்.”

“பக்கத்துல நிக்கிற வெள்ளக்காரன்?”

“அதுவும் கேம்தான்.”

உம்மா கதிரைக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் மடியில் இருந்த உள்ளியை உரித்தார். பிறகு நிமிராமலே, “அந்த வெள்ளக்காரன் சாப்பிட்டாராமாண்டு கேளு” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கேட்டேன். இல்லை, இனிமேல்தான் என்று பதில் வந்தது. “வெறும் வயித்தோட விளையாடாமப் போய்த் தின்னச் சொல்லு” என்றார் உம்மா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விசாரிப்பார். சில நாட்களில் என்ன கறி என்றும் விசாரிப்பார். காக்கா அஸருக்கு வந்து ஷட்டரைத் தூக்கும்போது உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒன்றும் அறியாத முகம்.

அந்த விளையாட்டில் வீடு கட்டலாம். காணி எடுத்து, மரம் வெட்டி, கல் உடைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். நிஜப் பணம் கட்டினால் ஒரே நாளில் கட்டிவிடலாம். மச்சான் பணம் கட்டவில்லை. இரவு முழுக்க யாரோ அரபியின் மாடிக்குக் கல் சுமந்துவிட்டு வந்து, காலையில் உட்கார்ந்து இங்கே கல் உடைத்தார். எனக்குச் சொல்லவேயில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் காட்டுப் பாதையால் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாசலில் நிறுத்தினார்.

“உனக்குத்தான் மச்சி.”

இரண்டு அறை, ஒரு மாடிப்படி, சிவப்பு ஓட்டுக் கூரை. என் நிஜ வீட்டில் இல்லாத அந்தக் கூரையைத்தான் முதலில் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய ஆள் நான், எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, குற்றம் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். குசினி எங்கே? கிணறு எங்கே? பின்னுக்குச் சுற்றுமதில் இல்லாமல் பெண்கள் எப்படி நடமாடுவது? கட்டிலில் கால் நீட்டிப் படுத்தால் கால் கிப்லாவுக்கு, தொழுகிற திசைக்குப் போகுதே! கிப்லா எந்தப் பக்கம் என்று இங்கே எப்படித் தெரியும் என்று கேட்டார். பொழுது எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். இரண்டு பேருமாக வாசலில் நின்று அந்தப் பொய்ச் சூரியன் படும்வரை பார்த்தோம். கட்டிலைத் திருப்பிப் போட்டார். ஒரு ஆம்பிளை எனக்கு வீடு கட்டித் தந்தார் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சிரிப்பார்கள். நான் கடையில் உட்கார்ந்து சிரிப்பதைப் போலக் காட்டிக்கொண்டு அழுதேன்.

“மாமிக்கிட்டச் சொல்லுவீங்களா மச்சான்?” என்று அன்று கேட்டுவிட்டேன். “வீடு இல்லாட்டியும் பரவாயில்ல எண்டு?”

“லீவுல வந்து நானே சொல்றன். முகத்துக்கு நேர சொல்றன்” என்று எழுதினார். அவர் கையில் அப்போதும் வாள் இருந்தது.

அடுத்த மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். வீதியில் பட்டாசு கொளுத்தினார்கள். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து எங்கள் கடைக்கு வருகிற ஆட்கள் வன்னிப் பக்கம் இருந்த சொந்தங்களுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் யாரும் எடுக்கவில்லை. நான் அவர்களிடம் காசு வாங்கவில்லை, காக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. இனி எல்லாம் சரிவரும், வழக்கும் முடியும், வீட்டுக்கும் கூரை வரும் என்று எல்லாரும் கதைத்தார்கள். மச்சான் லீவில் வந்து இறங்கினார்.

மாமி அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். தட்டு நிறையப் பேரீச்சம்பழமும், எனக்கொரு அபாயாத் துணியும். அந்தத் துணியைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. எடுக்கப் போகிற மருமகளுக்கு யாரும் கறுப்புத் துணி கொண்டுவருவதில்லை.

மாமி கெட்ட மனுஷி இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னார். “உன்ட புள்ளையும் என்ட புள்ளதான். நான் மறுக்கல்ல. ஆனா எத்தின காலத்துக்கு மதினி? சம்மாந்துறையில ஒரு இடம் வந்திருக்கு. வீடு முடிஞ்சி நிக்கிது, தரையெல்லாம் மாபிள் போட்டு. இவள என்ட வீட்டுக்குக் கூட்டிப் போகலாமெண்டா, அது என்ட மகள்ட வீடு. அவளுக்கும் நாளைக்கு மாப்பிள வரணும். நான் இவங்க ரெண்டு பேரையும் எங்க கொண்டு வெக்கிற?”

அதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சட்டம் அதுதான். நானே மாமியாக இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். உம்மா தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மச்சானை மட்டும் பார்த்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன். பறக்கிற பாம்பின் வாய்க்குள் வாளோடு பாய்ந்த மனுஷன். தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். தின்றார். கொட்டையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் இருந்தார்.

“நீ என்ன சொல்றாய் தம்பி?” என்று காக்காதான் கேட்டார்.

“உம்மா சொல்றதுதானே” என்றார் மச்சான்.

கையை உயர்த்தி அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. குசினிப் பக்கம் போய்த் தேத்தண்ணிக்குச் சீனி போட்டேன். எல்லாருக்கும் போட்டேன், அவருக்கும் போட்டேன். அந்த நேரம் மனதில் ஓடியதை எழுதினால் இந்தக் கடதாசி தாங்காது.

சம்மாந்துறைக் கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். புறியாணி நன்றாக இருந்தது. மாபிளும் நன்றாகத்தான் இருந்தது, கால் வழுக்கியது. மச்சான் பெட்டியோடு அந்த வீட்டுக்குள் போனார். லீவு முடிய அவரைத் திரும்பக் கட்டாருக்குக் கூட்டிப்போனது விமானம்.

நான் விளையாட்டைத் திறக்காமலே இருந்தேன். பிறகு ஒரு நாள் ளுஹருக்குக் காக்கா போனதும், பார்த்துவிட்டு வருவோம் என்று திறந்தேன். கிழவன் கடைசியாக நின்ற இடத்திலேயே, அந்தச் சிவப்புக் கூரை வீட்டு வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் பொன்னிறத் தலை பக்கத்தில் வந்தது.

“கோவமா மச்சி?”

நான் கிழவனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

“எனக்கு வேற வழி இரிக்கல்ல. உனக்கே தெரியும். ஆனா இந்த வீடு உனக்குத்தான். நான் வேற ஆருக்கும் குடுக்கல்ல. நீ எப்பயும் போல வா. நான் இந்த நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் வருவன்.”

வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். ஒரு நிமிஷம், பொய் சொல்லவில்லை, ஒரு நிமிஷம் மனம் போனது. அங்கே மாமியும் இல்லை, மாபிளும் இல்லை, கட்டிலைக்கூட எனக்காகத் திருப்பிப் போட்ட வீடு. பிறகு கேட்டேன்.

“உங்கட பொண்டாட்டிக்கு இந்த வீட்டப் பத்தித் தெரியுமா?”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், “நெட் ஸ்லோ” என்று வந்தது. கல்முனையில் நெட் ஸ்லோவாகும், கரண்டும் போகும், வயரைக் காகமும் கொத்தும். கட்டாரில் அதுவரைக்கும் ஒரு நாளும் ஸ்லோவானது கிடையாது.

வெளியே வந்தேன். முதல் நாள் ஆட்களைத் தெரிவுசெய்த அந்த இடத்துக்குப் போய்க் கிழவனை அழிக்கிற பொத்தானைத் தேடினேன். அமத்தியதும் ஒரு பெட்டி எழும்பியது. இந்த ஆளை அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, உமக்குச் சம்மதமா என்று கேட்டது. ஓம் என்றேன். நன்றாக யோசித்தீரா என்று இன்னொரு தரம் கேட்டது. எனக்கு மாப்பிள்ளை பேசியபோதும் நான் அங்கேதான் இருந்தேன், பேச்சை விட்டபோதும் அங்கேதான் இருந்தேன். இரண்டு தரமும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதுதான் கேட்டது. ஓம் என்று அமத்தினேன். அங்கியும் தாடியும் பொல்லுமாக ஆள் இல்லாமல் போனார்.

உம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“எங்ககா அந்தக் கிழவன்?”

“மௌத்தாயிட்டாரு உம்மா.”

சும்மா பகிடிக்குத்தான் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை. மௌத்துச் செய்திக்குச் சொல்கிற “இன்னாலில்லாஹி”யை மெல்லச் சொன்னார். என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மாமி வந்துபோன நாளில் அழவில்லை, சம்மாந்துறையில் புறியாணி தின்ற நாளிலும் அழவில்லை. அங்கே வைத்துத்தான், பாதி இறக்கிய ஷட்டருக்குள், சத்தம் போட்டு அழுதேன்.